சுபேதார் மகன் காலத்துப் பதிவேடு

வேலைவாய்ப்பு அலுவலகத்தை அறியாத தொழிலாளர் குடும்பம் உண்டா? பள்ளிப் படிப்பு முடிந்ததும் பையனை அழைத்துக்கொண்டு போய்ப் பெயரைப் பதிவு செய்வது, எண் போட்ட அட்டையை வாங்கி வந்து தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துவது, தவணை தவறாமல் புதுப்பிப்பது, தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலைப் பார்ப்பது — இவையெல்லாம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த காரியங்கள். ஆனால் தோழர்களே, அந்த அலுவலகம் முதன்முதலில் நாடெங்கும் பரவியது யாருக்காக? பட்டதாரிக்காகவா? பள்ளிப் பிள்ளைக்காகவா? இல்லை! போர் முடிந்து, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைய சோற்றுக்கு என்ன வழி என்ற கவலையோடு ஊர் திரும்பிய சிப்பாய்க்காக!

அந்த ஏற்பாடு உருவான நாளில் டில்லியில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் யார்? அவரும் ஒரு சிப்பாய் வீட்டுப் பிள்ளை. பட்டாளம் பயன்படுத்திக்கொண்டு பின்னர் கைவிட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை. டாக்டர் அம்பேத்கார்! அரசியல் சட்டம் வகுத்த அம்பேத்காரை நாடு அறியும். வட்டமேஜை மாநாட்டில் வாதாடிய அம்பேத்காரை வரலாறு அறியும். வேலை தேடி நின்ற பழைய சிப்பாய்க்காகப் பதிவேடு விரித்த துறையின் தலைவரை அறிந்தவர் குறைவு. இன்று அவர் கதையைச் சொல்கிறேன்.

காரைக்காலாருக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும். 1739இல் பிரெஞ்சுக்காரர் கால் வைத்த ஊர் இது. இடையில் ஆங்கிலேயர் பிடித்ததும் விட்டதும் போக, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர். இங்கிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனம் வரை போய் வந்தவர்களைச் சொல்தா என்று அழைத்தோம். அவர்களுக்குக் கடல் கடந்து பிரெஞ்சுச் சர்க்காரின் ஓய்வூதியம் வந்தது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினாலோ நாகூர், நாகப்பட்டினம். அங்கிருந்து போனவர்கள் ஆங்கிலேயன் பட்டாளத்துச் சிப்பாய்கள். ஒரே மொழி, ஒரே காவிரித் தண்ணீர், ஒரே வறுமை. ஆனால் போர்க்காலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டு, நாலைந்து ஆண்டு உழைத்து, பிறகு போகலாம் என்று அனுப்பப்பட்டவனுக்கு ஓய்வூதியம் கிடையாது. கையில் கொஞ்சம் பணம், ஒரு விடுவிப்புச் சீட்டு, அவ்வளவுதான். அவனுக்கு வேண்டியது மாலையா? மேளமா? வேலை!

பட்டாளத்துக் குழந்தை

1891 ஏப்ரல் 14. மத்திய இந்தியாவில் மோ என்ற இராணுவக் குடியிருப்பில் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார் பீமராவ். தந்தை பட்டாளத்தில் சுபேதார்; பட்டாளப் பள்ளியில் தலைமையாசிரியர். தந்தையின் தந்தையும் பட்டாளத்துக்காரர். தாய் வழியிலும் பட்டாளத்துக் குடும்பம். கம்பெனி ஆட்சியின் தொடக்க நாளிலிருந்தே குலத்தொழிலை உதறிவிட்டுப் பட்டாளத்தில் புகுந்த பரம்பரை அது.

குலத்தொழில் என்றால் என்ன? மகார் என்று முத்திரை குத்தப்பட்டவன் செத்த மாட்டைச் சுமக்க வேண்டும்; ஊர்ச் சேதியைக் கொண்டு ஓட வேண்டும்; அதிகாரி அழைத்த நேரத்தில் இராப்பகல் பாராமல் போய் நிற்க வேண்டும். கூலிக்குப் பதில் துண்டு நிலமும், களத்து மேட்டில் எறியும் தானியமும். இந்தக் கொட்டடியிலிருந்து தப்ப ஒரு வாசல் திறந்தது, அதுதான் பட்டாளம். அங்கே சீருடை கிடைத்தது, மாதச் சம்பளம் கிடைத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்து கிடைத்தது. ஊரில் பள்ளிப் படியை மிதிக்க முடியாதவனின் பிள்ளைகள் பட்டாளப் பள்ளியில் படித்தார்கள். அந்தப் பள்ளி இல்லையென்றால் ராம்ஜி ஆசிரியர் இல்லை. ராம்ஜி ஆசிரியராக இல்லையென்றால் பீமராவ் டாக்டர் அம்பேத்காராக வளர்ந்திருப்பாரா? எண்ணிப் பாருங்கள்!

திறந்த வாசல் அடைக்கப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் மகார்களை இனிப் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை என்றது ஆங்கிலேய ஆட்சி. காரணம்? கோழைத்தனமா? 1818இல் கோரேகான் போர்க்களத்தில் விழுந்தவர்களின் பெயரைக் கல்லில் பொறித்ததே அதே ஆட்சி. அந்தக் கல்லில் மகார் பெயர்கள் எத்தனை! தளபதி ராபர்ட்சும் அவரைச் சேர்ந்த துரைமார்களும் ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தார்கள்: சில இனங்களே வீர இனங்கள், மற்றவை உதவாதவை. வைதீகம் பிறப்பால் தாழ்த்தியதை, வெள்ளைக்காரன் விஞ்ஞானம் பேசித் தாழ்த்தினான். நமது சென்னைப் பட்டாளத்தின் பல படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டதும் இதே தத்துவத்தின் பெயரால்தான்.

ஓய்வு பெற்ற சிப்பாய்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கொங்கணத்தில் தபோலியில் குடியேறியிருந்த கோபால் பாபா வலங்கர் என்ற பழைய சிப்பாய் 1894இல் மனு எழுதினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டாளத்தில் இடம் கொடுங்கள் என்று வாதாடினார். மனு போனது, மாற்றம் வரவில்லை. நேற்று வரை சுபேதார் என்று வணங்கப்பட்டவன், ஊர் திரும்பியதும் மீண்டும் மகார். துப்பாக்கி பிடித்த கைக்குத் தாழ்வாரத்திலும் இடமில்லை.

ஏரி வேலைக்குப் போன வழியில்

ராம்ஜி ஓய்வு பெற்றார். தபோலிக்கு வந்தார், பிறகு சாதாராவுக்குக் குடிபெயர்ந்தார். ஓய்வூதியம் மட்டும் அந்தப் பெரிய குடும்பத்துக்குப் போதுமா? வேலைக்குப் போனார். என்ன வேலை? பம்பாய் சர்க்கார் கோரேகானில் ஓர் ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குப் பிழைப்புத் தரத் தொடங்கிய வேலை. அங்கே காசாளர் உத்தியோகம்! பட்டினியால் வாடியவனுக்குக் கூலியை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பு, பட்டாளத்திலிருந்து வந்த சுபேதாருக்கு. போர்முனையில் இருந்தவனை நாட்டு வேலையில் அமர்த்துவது என்று இன்று மாநாடுகள் கூட்டிப் பேசுகிறார்களே, அதன் சிறிய எடுத்துக்காட்டு அந்த வீட்டிலேயே இருந்தது.

தந்தையைப் பார்க்கப் பிள்ளைகள் புறப்பட்டார்கள்; பீமராவுக்கு ஒன்பது, பத்து வயது. புதுச் சட்டை, புதுக் குல்லாய், குதூகலம். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். எழுதிய கடிதம் தந்தைக்குப் போய்ச் சேராததால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. நன்றாக உடுத்திய பிள்ளைகளைக் கண்டு பரிவோடு பேசிய நிலைய அதிகாரி, என்ன ஜாதி என்று அறிந்ததும் முகம் மாறினார். மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஒருவர் இசைந்தார்: இரட்டிப்பு வாடகை வேண்டும்; வண்டியையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டும்; அவர் பக்கத்தில் நடந்து வருவார்! தீட்டு ஒட்டாமல் காசு மட்டும் ஒட்ட வேண்டும். கட்டுச் சோறு கையில் இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவெல்லாம் கேட்டும் கிடைக்கவில்லை. ஏரி வெட்டக் கூலி கொடுப்பவரின் பிள்ளைகளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் இல்லை!

இந்த நிகழ்ச்சியை அம்பேத்கார் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. தாமே எழுதியும் வைத்தார். வேலை கிடைத்துவிட்டால் இழிவு தானே ஒழியும் என்று நம்புகிறவர்களுக்கு இது ஒரு பாடம். தந்தைக்கு வேலை இருந்தது. மகனுக்குத் தண்ணீர் இல்லை.

மகனுக்கும் அந்தப் பாடம் தொடர்ந்தது. 1907இல் மெட்ரிகுலேஷன், 1912இல் பி.ஏ. அடுத்த ஆண்டு பரோடா சமஸ்தானப் படையில் லெப்டினண்டு பதவி. மூன்றாம் தலைமுறையும் சீருடை அணிந்தது. சில நாட்களிலேயே தந்தையின் நோய்ச் செய்தி வந்தது. 1913 பிப்ரவரி 2இல் ராம்ஜி மறைந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை அவரை அமெரிக்காவுக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. லண்டனிலும் படித்து 1917இல் பரோடா திரும்பி மன்னரின் இராணுவக் காரியதரிசியானார். பதவி பெரிது, பரிசு என்ன? சேவகன் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூக்கி எறிந்தான். நகரில் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. வேலையை விட்டு வெளியேறினார்.

அதே 1917இல், முதல் உலகப் போரில் ஆள் பஞ்சம் வந்தபோது, உதவாத இனம் என்று தள்ளப்பட்டவர்கள் திடீரென்று உதவினார்கள். 111 மகார் என்ற படைப்பிரிவு அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, 1921இல் கலைக்கப்பட்டது. அழைக்கும்போது வீரன், அனுப்பும்போது தீண்டாதவன்! நிலம் உள்ள சிப்பாய் ஊர் திரும்பினால் உழவன். நிலம் இல்லாத சிப்பாய் ஊர் திரும்பினால் பண்ணையாள். படை கலைவது இருவருக்கும் ஒரே நாளில்தான். ஆனால் அடி விழுவது ஒருவன் முதுகில்தான்.

ஆலையிலும் இதே நிலை. பம்பாய்ப் பஞ்சாலையில் நெசவுப் பகுதிக்குள் தாழ்த்தப்பட்டவன் நுழைய முடியாது. தறியில் நாடாவுக்கு நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், தீட்டு ஒட்டிக்கொள்ளுமாம்! கூலி அதிகம் கிடைக்கும் பகுதி அதுதான். 1928 பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போதே இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார் அம்பேத்கார். ஆள் எடுப்பது யார் கையில் இருந்தது? பம்பாயில் ஜாபர், நம் பக்கத்தில் மேஸ்திரி, இலங்கைத் தோட்டத்தில் கங்காணி. அவன் உறவு, அவன் ஜாதி, அவனுக்குக் கொடுத்த கையூட்டு, இவைதான் தகுதி.

பதிவேடு திறந்தது

இரண்டாம் உலகப் போர் வந்தது. மகார்களுக்குப் பட்டாளத்தில் இடம் வேண்டும் என்று வற்புறுத்தினார் அம்பேத்கார். 1941 அக்டோபரில் பெல்காமில் மகார் ரெஜிமெண்ட் அமைந்தது. தந்தை காலத்தில் தள்ளப்பட்ட மனு, மகன் காலத்தில் நிறைவேறியது. 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினரானார். தாழ்த்தப்பட்டோரில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் மனிதர் அவர். பொதுப்பணி, பாசனம், மின்சாரம், சுரங்கம் எல்லாம் அந்தத் துறையில் அடக்கம். ஏரி வேலையில் கூலி எண்ணியவரின் மகன், தாமோதர் நதித் திட்டத்துக்கு வழி வகுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்!

சர்க்காரும் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமரும் முத்தரப்பு மாநாடுகள் அவர் தலைமையில் நடந்தன. வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்த தொழிற்சாலை வேலை 48 மணி நேரமாகக் குறையும் சட்டம் 1946இல் வந்தது. 1943இல் கைத்திறன் பெற்றவர்களுக்கென்று சில நகரங்களில் வேலை நிலையங்கள் பரிசோதனையாகத் திறக்கப்பட்டன.

போர் முடியும் நாள் நெருங்கியது. இந்தியப் பட்டாளத்தில் அப்போது 25 லட்சம் பேர்! போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் இன்னும் பல லட்சம் பேர். பீரங்கி ஓய்ந்தால் இவர்கள் எங்கே போவார்கள்? 1945 ஜூலையில் தொழிலாளர் துறையின் கீழ் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககம் அமைந்தது. நகரந்தோறும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறந்தன. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவன் வந்து பெயரைக் கொடுப்பான். கற்ற தொழிலைச் சொல்வான். லாரி ஓட்டியவன் ஓட்டுநர், தந்தி அடித்தவன் தந்தியாளர், பட்டறையில் இருந்தவன் பிட்டர் என்று வகை பிரிக்கப்படும். ஆள் தேவைப்படுபவர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். அலுவலகம் பதிவேட்டைப் புரட்டித் தகுதியும் வரிசையும் பார்த்துப் பெயர்களை அனுப்பும். தொழில் தெரியாதவனுக்குத் தொழிற்பயிற்சி நிலையம். அவ்வளவுதான், சிறிய ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு புரட்சி இருந்தது. மேஸ்திரியின் நாக்கில் இருந்த வேலை, சர்க்கார் ஏட்டில் ஏறியது!

இது ஒரு மனிதரின் தனிச் சாதனை என்று சொல்லி அவருக்கு ஆலவட்டம் வீசத் தேவையில்லை. போர் நடத்திய நாடுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கவலை இருந்தது. இங்கிலாந்தில் துறைமுகத் தொழிலாளர் தலைவர் பெவின் தொழிலாளர் மந்திரியாக இருந்து இதே வேலையைச் செய்தார். அமெரிக்காவில் 1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், திரும்பிய வீரனுக்குக் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதமும் தந்தது. ஆனால் அங்கே என்ன நடந்தது? சட்டத்தில் நிறம் இல்லை. தென் மாநிலங்களில் அதை நடத்திய அலுவலகங்களில் நிறம் இருந்தது. போரில் லாரி ஓட்டிய நீக்ரோ வீரனுக்குக் கூட்டும் வேலை காட்டப்பட்டது. பதிவேடு நல்லதுதான், அதைப் புரட்டும் விரல் யாருடையது?

அந்தக் கேள்வியை அம்பேத்காருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை, பரோடாவிலேயே கற்றுவிட்டார். அதனால்தான் கவுன்சிலில் இருந்தபோதே மறுபக்கத்திலும் போராடினார். 1943இல் மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் தாழ்த்தப்பட்டோருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது; 1946இல் அது எட்டில் ஒரு பங்காக உயர்ந்தது. பதிவேடு ஒரு கை, ஒதுக்கீடு மறு கை. இரண்டும் சேர்ந்தால்தான் தட்டினால் ஓசை வரும்.

எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டதா? இல்லை. அட்டை வேறு, வேலை வேறு. 1946 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை வாட்டிய கவலைகளில் ஒன்று, படை கலைந்த பிறகு நம் கதி என்ன என்பது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த வீரர்களை, அவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர் எத்தனையோ பேர், விடுதலை பெற்ற நாடும் தன் பட்டாளத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாலை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்த விதை வீண்போகவில்லை. 1946இன் நடுவில் அம்பேத்கார் கவுன்சிலை விட்டு வெளியே வந்தார். அந்த ஆண்டே தொழிலாளர் மந்திரியானவர் ஜெகஜீவன்ராம். பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களுக்கும் அந்த அலுவலகங்கள் திறந்தன. 1948இன் தொடக்கத்தில் வேலை தேடும் எல்லோருக்கும் திறந்தன! பழைய சிப்பாய்க்கென்று போட்ட பயிற்சிப் பட்டறைகள் 1950 முதல் பொதுமக்களின் பிள்ளைகளுக்கும் உரியவை ஆயின. அவைதாம் இன்றைய ஐ.டி.ஐ. காரைக்கால் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படிக்கும் பையன் அமர்ந்திருக்கும் பெஞ்சு, போரிலிருந்து திரும்பியவனுக்காகப் போடப்பட்ட பெஞ்சின் வழிவந்தது.

1956 நவம்பர் 1இல் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்களுக்கு அருகில் வந்தது பதிவேடு. அதே ஆண்டு டிசம்பர் 6இல் அம்பேத்கார் மறைந்தார். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் வந்தபோது அவர் இல்லை.

இரண்டு பதிவேடுகள்

இந்தக் கதையை இன்று ஏன் சொல்ல வேண்டும்? கடலைப் பாருங்கள். காரைக்கால் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஈழம். 2009 மே மாதம் அங்கே போர் ஓய்ந்தது. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்குள் கொண்டு செல்லப்பட்டார்கள். தச்சு, கொத்து, தையல் என்று பயிற்சி கொடுத்தார்கள். வன்னியில் சர்க்காரின் பாதுகாப்புப் படை நடத்தும் பண்ணைகளில் சிலருக்குக் கூலி வேலையும் கொடுத்தார்கள். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் விடுதலையான பின்னும் உளவுத்துறைக்காரன் வீட்டு வாசலில் வந்து விசாரித்துக்கொண்டிருந்தால், எந்த முதலாளி துணிந்து வேலை கொடுப்பான்? எந்த அண்டை வீட்டான் நெருங்கிப் பழகுவான்?

தோழர்களே, பதிவேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேலை கொடுக்கும் பதிவேடு. மற்றொன்று வேவு பார்க்கும் பதிவேடு. முதலாவதில் பெயர் ஏறினால் மனிதன் நிமிர்கிறான். இரண்டாவதில் பெயர் ஏறினால் குனிகிறான். ஒரே மனிதனின் பெயரை இரண்டிலும் எழுதிவிட்டு, அவனுக்கு வாழ்வளித்தோம் என்று சொல்வது ஒரு கையால் சோறு போட்டு மறு கையால் கழுத்தைப் பிடிப்பது போல!

கடலுக்கு அப்பால் மட்டுமா? இங்கே 2022இல் அக்னிபாத் என்று ஒரு திட்டம் வந்தது. நான்காண்டு பட்டாளம், பிறகு நூறு பேரில் 25 பேருக்கே பட்டாளத்தில் நிரந்தர இடம் என்று அறிவித்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. இளம் வயதுப் பிள்ளைகள், போர்க்காலத்துச் சிப்பாயைப் போலவே கையில் கொஞ்சம் பணமும் விடுவிப்புச் சீட்டும் பெற்று ஊர் திரும்புவார்கள். துணைப்படைகளில் இடம் ஒதுக்குவோம் என்று வாக்குறுதி தந்திருக்கிறார்கள். வாக்குறுதி ஏட்டில் ஏற வேண்டும். ஏட்டிலிருந்து வீட்டுக்கு வர வேண்டும். வங்கி வாசலில் காவல்காரச் சட்டையோடு நிற்கும் பழைய ஹவில்தாரைக் கேட்டுப் பாருங்கள். அவர் கற்ற தொழில் என்ன, செய்கிற தொழில் என்ன என்று.

சிப்பாய்க்கு வேலை கொடுப்பது தர்மமா? இல்லை, கடன். அந்தக் கடனைச் சிபாரிசின் மூலம் தீர்த்தால் சிலருக்குத் தீரும். திறந்த பதிவேட்டின் மூலம் தீர்த்தால் எல்லோருக்கும் தீரும். சிப்பாய்க்கென்று திறந்த கதவு ஆலைத் தொழிலாளிக்கும் அகதிக்கும் கூலிக்காரன் மகனுக்கும் திறந்தது என்பதுதான் அம்பேத்கார் காலத்துக் கதை. இன்று அந்தக் கதவு துருப்பிடிக்கிறது. காலியிடத்தை அறிவிக்காமல் ஒப்பந்தக்காரனிடம் ஆள் கேட்கும் வழக்கம் பெருகினால், பழைய மேஸ்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டான் என்று பொருள்.

ஆகவே தொழிலாளத் தோழர்களே! உங்கள் ஆலையில், துறைமுகத்தில், அலுவலகத்தில் காலியிடம் விழுந்தால் அது அறிவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். பட்டாளத்திலிருந்து திரும்பும் பிள்ளை உங்கள் தெருவுக்கு வந்தால் அழைத்துப்போய்ப் பெயரைப் பதியச் செய்யுங்கள். முன்னாள் படைவீரருக்கு உள்ள ஒதுக்கீட்டை எடுத்துச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது போலவே, ஆள் எடுக்கும் முறையைப் பற்றியும் பேசுங்கள். பதிவேடு திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கண் நம்முடையதாக இருக்கட்டும்!